மீதம் இரண்டு

ஜூன் 5, புதன்

மகளிர் குழுவின் புதன்கிழமைக் கூட்டத்தில் இனி சிகிச்சை மையத்தின் சார்பாக மருந்தாளுநரான நானும் அமர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் வாய்மொழி உத்தரவு. எழுத்தில் கேட்டேன். "இதுக்கெல்லாமா எழுத்து, தில்லைநாயகம்?" என்றார். ஆகவே இங்கே குறித்து வைக்கிறேன்.

குழுவில் பதினோரு பெண்கள். அனைவரும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள், எங்கள் மருத்துவமனையின் பதினான்காம் எண் சன்னலில் மாதந்தோறும் என் கையால் மாத்திரை வாங்குபவர்கள். கூட்டம் நடக்குமிடம் பழைய சலவை அறை. மூன்றரைக்குத் தொடங்க வேண்டியது, மூன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. நடத்துபவர் குருவம்மாள், வயது நாற்பத்தாறு, தையற்காரர், பதினேழு ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருப்பவர்.

யாருக்கு எடை குறைந்திருக்கிறது, யாருக்குக் காலில் மதமதப்பு, கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு இன்னும் போகாதவர் யார் என்று அவர் வரிசையாகக் கேட்டார். போகாத ஒருவர், "அடுத்த வாரம் போயிருறேன்க்கா" என்றார்.

"போன வாரமும் இதே அடுத்த வாரத்தத்தானடி சொன்ன?"

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

இவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டவுடன் ஒருவர் அடுத்தவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் தாமும் போட்டுவிட்டு அதற்கடுத்தவருக்கு. எட்டேகாலுக்குள் சங்கிலி சுற்றிக் குருவம்மாளிடம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எங்கே அறுந்தது என்று தேடிப் பிடித்து அவர் திட்டுவார். ஒழுங்கான ஏற்பாடு. பவுன்தாய் என்ற பெண் மட்டும் இதில் இல்லை. அவருக்கு வயது இருபத்தொன்பது, ஏழாம் மாதம். கணவருக்கு எல்லாம் தெரியும், அவருக்குத் தொற்று இல்லை. மாமியாருக்குத் தெரியாது, அந்த வீட்டில் எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுக்க முடியாதாம்.

தேநீர் தந்தனர். நான் மாலையில் தேநீர் அருந்துவதில்லை என்று சொன்னேன்.

ஐந்தரைக்கு வீடு. தேநீர், இரண்டு முறுக்கு.

ஜூன் 7, வெள்ளி

மாதாந்தரக் கணக்கெடுப்பு முடிந்தது. முப்பது மாத்திரை கொடுக்கிறோம். இருபத்தெட்டாம் நாள் டப்பாவுடன் வர வேண்டும். உள்ளே இரண்டு மீதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அத்தனை நாள் மருந்து விடுபட்டது என்று பொருள். இரண்டு ஆண்டுகளாக என் பதிவேட்டில் மீதம் இரண்டைத் தவிர வேறு எண் இல்லை. அதற்கு முன் அப்படி இல்லை. ஒரு பெண் ஒன்பது மீதத்துடன் வந்தபோது, வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்கும்படி ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிக் கண்டித்தேன். அதன் பிறகு யாரும் தவறவில்லை.

ஜூன் 12, புதன்

பவுன்தாயின் இரத்தத்தில் வைரஸ் அளவு எட்டாயிரத்து நானூறு என்று அறிக்கை வந்திருக்கிறது. டிசம்பரில் இதே பரிசோதனையில் 'கண்டறியப்படவில்லை'. பேறுகாலத்துக்குள் இந்த அளவு இறங்காவிட்டால் குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு கூடும்.

பதிவேட்டைப் புரட்டினேன். ஜனவரி முதல் மே வரை: மீதம் இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு.

சன்னலுக்கு அழைத்துக் கேட்டேன்.

"ஒரு நா கூட விடல சார்."

"விடாமல் இந்த எண் வராது."

"எனக்குத் தெரியல சார். நீங்கதான படிச்சவுக, நீங்கதான் சொல்லணும்."

மருந்து சரியாகப் போனால் வைரஸ் தங்காது. ஆகவே மருந்து போகவில்லை. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஜூன் 15, சனி

பெயர் எதுவும் சொல்லாமல், எண் பொருந்தவில்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். மங்கை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ஒரு வகுப்புல அத்தன பேரும் நூத்துக்கு நூறு வாங்குனா நாங்க என்ன நினைப்போம் தெரியுமா?" என்றாள்.

"நன்றாகக் கற்பித்ததாக."

"காப்பி அடிச்சிருக்காங்கன்னு."



ஜூன் 19, புதன்

கூட்டம் மூன்று நாற்பதுக்குத் தொடங்கியது. நேரடியாகக் கேட்டேன்: "மாத்திரை விட்டுப்போனால், மிஞ்சியதை என்ன செய்கிறீர்கள்?"

மூலையில் இருந்த ஒருவர், "மல்லிச் செடிக்குப் போட்டுருவேன் சார்" என்றார்.

"அதான் ஒம் வீட்டு மல்லி அந்தப் பூ பூக்குதா?" என்று இன்னொருவர் கேட்க, அறை முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

குருவம்மாள் தையல் பையிலிருந்து ஒரு ரொட்டி டப்பாவை எடுத்து என் முன் வைத்தார். "சாக்கடையிலயும் செடியிலயும் போட வேணாம்னு நாந்தான் வாங்கி வச்சிருக்கேன் சார். எண்ணிப் பாத்துக்கங்க. எண்ணுறதுல நீங்க கெட்டிக்காரரு."

எண்ணினேன். நூற்று முப்பத்தேழு. எட்டுப் பெண்கள் அந்த டப்பாவில் போட்டதாம், பதினான்கு மாதங்களில்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஒம்போது மீதின்னு வந்தாளே சரோசா, அவள வரிசையில வச்சு ஏலம் விட்டீகளே, அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் பின்னாடி நின்னுக்கிட்டுத்தான இருந்தோம்? அவ அதுக்கப்புறம் மூணு மாசம் இந்தப் பக்கமே வரல. நான் வீட்டுக்குப் போயிக் கால்ல விழாத கொறையாக் கூட்டியாந்தேன்."

ஏலம் என்ற சொல் மிகை. எண்ணிக் காட்டினேன் என்பதே சரி.

பவுன்தாயைப் பார்த்து, "இந்த டப்பாவில் உன்னுடையது எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்ல சார்."

"மல்லிச் செடியில்?"

"எங்க வீட்டுல செடியே கெடையாது சார்."

மறுபடியும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் நம்பவும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

பவுன்தாய் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்றும், விதிப்படி களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்துக் கையொப்பமிட்டேன். 28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, செல்வார்.

ஜூன் 21, வெள்ளி

மழை. நாற்பத்தொரு பேர் வந்தனர். அத்தனை பேருக்கும் மீதம் இரண்டு.

ஜூன் 24, திங்கள்

காலை ஒன்பது ஐந்துக்குக் குருவம்மாள் சன்னலில் நின்றார். வரிசையில் நின்று, தம் முறை வந்தபின்தான் பேசினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

"வீட்டுக்கு ஆளனுப்புறீகளாம்ல?"

"விதி."

"அந்த நீல வண்டி தெருவுல நின்னா, அது எந்த ஆபீசு வண்டின்னு எங்க ஊருல சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும் சார். மாமியாக்காரி ஒச்சம்மாவப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. ஊருணியில தண்ணி எடுக்கப் போனாலே பொம்பளைக ஒதுங்கி வழி விடுவாளுக. அது வாசல்ல போய் நின்னு, ஒங்க மருமக எச்.ஐ.வி. மாத்திரையத் தின்னாளா தின்னலையான்னு கேக்கப் போறாரா?"

"களப்பணியாளர் அப்படிக் கேட்கமாட்டார். இரகசியம் காக்கப்படும்."

"ஏழாம் மாசத்துல அந்தப் புள்ள வெளியில நின்னா, ஒங்க இரகசியம் வந்து சோறு போடுமா?"

பின்னால் இருபது பேர் நின்றனர். கடிதம் சென்றுவிட்டது என்று சொன்னேன்.

"வெள்ளிக்கெழமதான? அதுக்கு முன்னாடி நான் போறேன். வளைகாப்புக்கு ரவிக்கை தைக்கணும்னு அவ மாமியாளே சொல்லி விட்டுருக்கு. அளவெடுக்கப் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வாரேன்."

"அதற்கு விதிகளில் இடமில்லை."

"ரவிக்கை தைக்கவுமா சார் விதி?"

ஜூன் 25, செவ்வாய்

தலைவலி. ஒரு டப்பாவை இரண்டு முறை எண்ணினேன்.

ஜூன் 26, புதன்

இன்றைய நிகழ்ச்சியை முழுமையாக எழுத வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன்பே குருவம்மாள் என்னைச் சலவை அறைக்கு வரச் சொன்னார். பவுன்தாயும் இருந்தாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"சார், நானே கண்ணால பாத்துட்டு வாரேன். காலையில அஞ்சரைக்கு ஒச்சம்மா எந்திரிச்சு மொகம் கழுவிட்டு, நேரா இவகிட்டத்தான் வருது. ஒரு செம்புத் தண்ணி, உள்ளங்கையில ரெண்டு மாத்திர. இவ முழுங்குற வரைக்கும் நிக்குது. 'வாயத் தொற' அப்படிங்குது. நானே பயந்து வாயத் தொறந்துட்டேன்."

"என்ன மாத்திரை?"

பவுன்தாய் சொன்னாள்: "செவப்பும் வெள்ளையும் சார். நாலாம் மாசத்துல ஒம்போதாம் நம்பர் சன்னல்ல ரத்தம் ஊறுறதுக்குச் சத்து மாத்திர குடுத்தாக. நர்சம்மா, வெறும் வயித்துல போட்டாத்தான் ஒடம்புல ஒட்டும்னாக. அத்தைக்கு அது மனசுல நின்னுருச்சு. அதுக்கு முன்னாடி நான் ஒளிச்சு ஒளிச்சுப் போடுவேன். டப்பா குலுங்குனா கூடப் பயம். அப்பத்தான் எனக்கு இந்த யோசன வந்துச்சு. ஒங்க மாத்திரயையும் பேப்பர் கவருல போட்டு, வெள்ளையும் சத்து மாத்திரதான் அத்தை, ரெண்டையும் சேத்துப் போடணும்னு சொல்லிட்டேன். அன்னையில இருந்து அத்தைதான் குடுக்குது. ஒரு நா விடல சார். ஊருக்குப் போனா முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வருது."



நாங்கள் கொடுக்கும் மருந்தை இரும்புச் சத்து மாத்திரையுடன் வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது. இரும்பு அதை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும்; இரத்தத்தில் சேரவிடாது. ஒன்று, மருந்தை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். அல்லது இரண்டையும் சாப்பாட்டுடன் சேர்த்துப் போட வேண்டும். வழிகாட்டி நூலில் அந்த வரிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். கர்ப்பிணி ஒருத்தி ஐந்து மாதங்களாக என் சன்னலில் வந்து நின்றிருக்கிறாள். அவளிடம் நான் கேட்டதெல்லாம் மீதம் எத்தனை என்பதுதான். வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

அவர்களுக்குப் புரியும்படி இதைச் சொன்னேன்.

"அப்ப இவ ஒழுங்காப் போட்டதுனாலதான் ஏறிப்போச்சா?" என்றார் ஒருவர்.

"இவளாவது ஒழுங்காப் போட்டா. நம்மதான் மல்லிக்குச் சத்து ஏத்துனது" என்றார் மற்றொருவர்.

பவுன்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், புள்ளைக்கு ஆயிருச்சா?"

"இல்லை. இன்னும் நாள் இருக்கிறது. இன்றிலிருந்து சோற்றுடன் போட்டால் ஆறு வாரத்தில் அளவு இறங்கும். இறங்கும்; இதை நான் படித்துத்தான் சொல்கிறேன்."

"நான் பொய் சொல்லலன்னு எழுதுவீகளா?"

"எழுதுவேன்."

நேரத்தை மாற்ற அந்த மாமியாரிடம் யார் சொல்வது என்று கேட்டேன். குருவம்மாளுக்கே தயக்கம் இருந்தது. பவுன்தாய்தான், "ஆர் சொன்னாலும் கேக்காது. நர்சம்மா சொன்னாக் கேக்கும்" என்றாள். அங்கிருந்தே ஒன்பதாம் எண்ணுக்கு நடந்து சென்று செவிலியரிடம் பேசினேன். நாளைக்கே ஒச்சம்மாளுக்குப் போன் செய்து, 'எல்லாச் சத்து மாத்திரையும் இனிமே காலைச் சாப்பாட்டுக்கு நடுவுல' என்று சொல்லிவிடுவதாக உறுதி கூறினார்.

திரும்பி வந்தபோது தேநீர் கொடுத்தனர். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

"வயித்துல ஒன்னும் ஆகாது சார், பயப்படாதீக" என்றார் குருவம்மாள். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

களப்பணியாளர் செல்ல வேண்டியதில்லை என்று கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். பதிவேட்டில் பவுன்தாயின் பக்கத்தில் எழுதியது: "நோயாளி மருந்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. இரும்புச் சத்து மாத்திரையுடன் வெறும் வயிற்றில் உட்கொண்டிருக்கிறார். இது குறித்து அவரிடம் கேட்டு அறிவுறுத்த வேண்டிய பொறுப்பு மருந்தாளுநருடையது. மருந்தாளுநர் கேட்கவில்லை." கையொப்பம், தேதி, முத்திரை.

டாக்டரம்மா படித்துவிட்டு, "முத்திரை வேற எதுக்கு?" என்றார். முத்திரை இல்லாத திருத்தம் செல்லாது.

ஜூலை 10, புதன்

புதிய நடைமுறை இன்று முதல். மாத்திரையைச் சன்னலில் எண்ணுவதில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்தியபின், மீதம் எத்தனை என்று அவர்களே சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி, ஏன் விடுபட்டது. அதற்கடுத்தது, வேறு என்ன மாத்திரை, கஷாயம், டானிக் உட்கொள்கிறீர்கள். கேள்விகளின் வாசகத்தைக் குருவம்மாள் திருத்தினார். "'உட்கொள்கிறீர்கள்'னா அரசாங்கத்துக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கு சார். 'வேற என்னக்கா சாப்புடுற'ன்னு கேளுங்க." நான் யாரையும் அக்கா என்று அழைத்துப் பழகியவனல்லன். 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்' என்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

இன்றைய மீதங்கள்: 2, 5, 3, 2, 7, 4, 2, 11. பதினொன்று மீதம் வைத்திருந்தவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்; போகும் நாட்களில் எட்டு மணிக்கு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஆள் இருப்பதால் போடுவதில்லையாம். குருவம்மாள் அவரைச் சங்கிலியில் முதல் ஆளாக மாற்றி, அவர் வீடு திரும்பியபின் சங்கிலி தொடங்கும்படி நேரத்தை வைத்தார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் எண்ணியும் முடியாதது.

"மருந்து தவறாதவங்க சதவீதம் விழுந்துருச்சே?" என்றார் டாக்டரம்மா.

"ஆம். இதுதான் சரியான சதவீதம்."

ஜூலை 29, திங்கள்

பவுன்தாயின் இரத்தம் மறுபரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. டப்பாவில் மீதம் இரண்டு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். முடிவு வரவில்லை. வேறு விசாரணைகளும் இருந்தன.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆய்வகம். காலை, மதியம். வேறு விசாரணைகளும் இருந்தன.

ஆகஸ்ட் 7, புதன்

கண்டறியப்படவில்லை.

கூட்டத்தில் அறிவித்தேன். பவுன்தாயிடம் முன்னரே தனியாகச் சொல்லி, அறிவிக்க அவள் அனுமதி பெற்ற பிறகே. பெண்கள் எழுப்பிய ஓசையில் பக்கத்து எக்ஸ்ரே அறையிலிருந்து ஆள் வந்து விசாரித்தார். பவுன்தாய் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு குருவம்மாளிடம், "அத்தை கையி ராசியான கையிக்கா" என்றாள்.

"அப்ப அதுகிட்டச் சொல்லிற வேண்டியதுதானடி."

"அய்யோ, அது மட்டும் வேணாம்க்கா. கொன்னே போட்டுரும்."

ஆகஸ்ட் 29, வியாழன்

காலை ஏழு ஐந்துக்குப் பவுன்தாய்க்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் சொட்டு மருந்து ஏழே முக்காலுக்குத் தொடங்கப்பட்டது. ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு முதல் பரிசோதனை. எண்கள் அனைத்தும் சாதகமாகவே உள்ளன.

ஒன்பது நாற்பதுக்குப் பதினான்காம் எண் சன்னலில் ஒரு பெரியம்மா வந்து நின்றார். வயது அறுபத்தைந்து இருக்கும். உயரம்; நரைத்த கொண்டை; கையில் மடித்த வெறும் பேப்பர் கவர். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டனர்.

"தம்பி, வெள்ள மாத்திர ஒன்னு குடுங்க. வலி எடுத்த அவசரத்துல மாத்திர இருந்த கவர வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். இது வெறுங் கவரு."

"யாருக்கம்மா?"

"எம் மருமகளுக்கு. பவுன்தாயி. மூணாம் வார்டு. இப்பத்தான் ரெண்டு இட்லி திண்டுக்கிட்டு இருக்கா. அவ திண்டு முடிக்கிறதுக்குள்ள குடுக்கணும். செவப்பு வார்டுலயே குடுத்துட்டாக, வெள்ளையக் காணோம்."

ஒரு நோயாளியின் பெயர் எங்கள் மையத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை அடுத்தவரிடம் ஒப்புக்கொள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது. "சத்து மாத்திரை ஒன்பதாம் எண்ணில் கிடைக்கும்" என்றேன்.

"ஒம்போதுல குடுக்குறது செவப்பு. வெள்ளைக்குப் பதினாலுதான்."

சன்னலுக்கு மேலே பலகை இருக்கிறது. நோயின் பெயரும் சிகிச்சையின் பெயரும் அதில் அரை அடி எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, சன்னல் கம்பிக்கு அருகில் முகத்தை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கலியாணம் ஆன மூணாம் மாசமே எனக்குத் தெரியும் தம்பி. சுருக்குப் பையில சீட்டக் கண்டேன். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன். சத்து மாத்திரன்னு சொன்னா. சரி, சத்து மாத்திரன்னே இருக்கட்டும்னு நானும் குடுத்தேன். ஊருல ஆரு கேட்டாலும் அது சத்து மாத்திரதான். நீங்க இப்பக் குடுங்க, இட்லி ஆறுது."

வார்டுக்குத் தொலைபேசினேன். குருவம்மாள் பவுன்தாயின் கட்டிலருகே இருந்தார். அவர் மூலம் அவளையே பேசச் சொன்னேன். "உன் மாத்திரையை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். கொடுக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்" என்றேன்.

"ஆரு சார் வந்திருக்கா?"

"உன் மாமியார்."

"எந்தச் சன்னல்ல சார் நிக்குது?"

"என் சன்னலில்."

கைக்குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். வரிசையும் காத்திருந்தது.

"கோவமா இருக்கா சார்?"

"இட்லி ஆறுகிறது என்கிறார்."

மறுமுனையில் வந்த ஓசை அழுகையா சிரிப்பா என்று உறுதியாக எழுத முடியவில்லை. பிறகு, "குடுத்து விடுங்க சார்" என்றாள்.

உரியவர் வர இயலாத நிலையில், அவர் ஒப்புதலுடன் வேறொருவர் பெற்றுக்கொள்ள விதியில் இடம் உண்டு. அதற்கென்று தனிப் பதிவேடும் உண்டு. இதுவரை நான் அதைத் திறந்ததில்லை. முதல் பக்கத்தில் தேதி, நேரம், மருந்து ஆகியவற்றை எழுதினேன். பெற்றுக்கொள்பவர்: ஒச்சம்மாள். அடுத்த கட்டம், நோயாளிக்கு என்ன உறவு. இந்த மையத்தின் பதிவேட்டில் ஒருமுறை எழுதினால் அது நிரந்தரமாக இருக்கும் என்பதால், 'உறவினர்' என்று மட்டும் போடட்டுமா என்று கேட்டேன்.

அவர் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மாமியான்னே போடுங்க. அதுல என்ன பயம்?"

போட்டேன்.